கூரைத் தகட்டின் கடன்



சூரிய மின்தகட்டைச் செய்யச் செலவாகும் ஆற்றலை அது தன் ஆயுளில் திருப்பித் தருவதேயில்லை என்று மாத்தூரிலும் மணலியிலும் சிலர் உறுதியாய்ச் சொல்லுகிறார்கள். கோபுரம் கட்ட விரும்புகிறவன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதை ஆண்டவர் லூக்கா 14இல் சுட்டுகிறார். நாமும் கணக்கிடுவோம்.

தகட்டின் உயிர் சிலிக்கான். குவார்ட்ஸ் கல்லைக் கரியோடு சேர்த்து மின் உலையில் உருக்கவேண்டும், வாயுவாக்கித் தூய்மைப்படுத்தவேண்டும், 1,414 பாகை செல்சியசில் மறுபடியும் உருக்கிப் பாளமாக்கி, காகிதம்போல் சீவவேண்டும். தூய்மைப்படுத்தும் படியே மின்சாரத்தை மிகுதியாய் விழுங்குகிறது. ஆயினும், ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், இந்தச் செலவு ஏறத்தாழ ஓராண்டில் ஈடாகிறது. வெயில் மிகுந்த நாடுகளில் இன்னும் விரைவாக. தகட்டுக்குத் தரப்படும் உத்தரவாதமோ பெரும்பாலும் 25 ஆண்டுகள். ஆகவே அந்தப் பேச்சு இன்று செல்லாது.

ஆனால் பிரியமானவர்களே, கடனை அடைப்பது நம் கூரை. கடன் பட்டதோ வேறோர் ஊர். உலகின் சிலிக்கானில் பெரும்பங்கு சீனாவில், பெரும்பாலும் நிலக்கரி மின்சாரத்தால், தூய்மையாகிறது. அங்கே எழும் புகையை இங்கே கிடைக்கும் யூனிட்டுகள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதில்லை. வடசென்னையாருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? மாநகரம் விளக்கேற்ற, வல்லூரும் அத்திப்பட்டும் புகையைச் சுமந்தன. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. எண்ணூர் மீனவரின் பிழைப்பு சுருங்கியது. எந்த மின்கட்டண ரசீதில் அது எழுதப்பட்டது?

இதனால் தகடே வேண்டாம் என்பார் உண்டு. நான் அவர்களோடு உடன்படேன். அனல்மின் நிலையங்களின் அருகில் வாழும் நாமே முதலில் பொருத்தவேண்டும் என்பேன். 3 கிலோவாட்டுக்கு ஒன்றிய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அதற்கு இந்தியாவில் செய்த செல்கள் வேண்டும். நெல்லைச் சீமையின் கங்கைகொண்டானில் டாடா பவர் அவற்றைச் செய்கிறது. செல்லுக்கு முந்திய சிலிக்கான் சில்லுகளோ இன்னும் பெரும்பாலும் இறக்குமதிதான். விற்பவரிடம் விலையோடு இதையும் கேளுங்கள்; கேட்பவர் பெருகினால் பதிலும் மாறும்.

வேறு யாரோ புகைகுடித்துச் செய்துகொடுத்த பொருளை முழு ஆயுளும் உழைக்கவிடுவது நம் கடமை. கன்டெய்னர் லாரிகளின் புழுதியும் கரித்தூளும் படியும் பகுதி இது. பதினைந்து நாளுக்கொருமுறை, வெயில் ஏறுமுன், தகட்டைக் கழுவுங்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் இன்வெர்ட்டர் பழுதாகும். அப்போது தகட்டையும் சேர்த்துக் கழற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னால், இன்வெர்ட்டரை மாத்திரம் மாற்றச் சொல்லுங்கள்.