குறுகிய ஓடுபாதையும் நீண்ட வாக்குறுதியும்

வாடகை வண்டி வேறு; பேருந்து வேறு. பணம் கொடுத்தவன் சொன்ன நேரத்தில், சொன்ன இடத்துக்குப் போவது வாடகை வண்டி. ஏறுபவர் எவராயினும், குறித்த நேரத்தில் குறித்த வழியில் புறப்படுவது பேருந்து. நிலத்தில் ஓடும் வண்டிக்குள்ள இந்த வேறுபாடு வானத்தில் பறக்கும் விமானத்துக்கும் உண்டு. கிழக்கிலங்கையின் விமானத் தளங்களைப் பற்றிப் பேசுவோர் இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் வசதியாக மறந்துவிடுகின்றனர். அதனை நினைவூட்ட வேண்டியது நம் கடமையாகின்றது.

சம்மாந்துறையில் நின்று பார்ப்போம். வடக்கே மட்டக்களப்பு விமானத் தளம். மேற்கே அம்பாறை நகரை அடுத்து, உகணைப் பக்கத்தில் கல்லோயா விமானத் தளம். முன்னையது 1958 இல் உள்நாட்டுப் பயணிகளுக்காகத் திறக்கப்பட்டு, 1983 இல் விமானப் படையின் கைக்குச் சென்று, 2018 மார்ச்சில் மீண்டும் குடிமக்களுக்கான விமான நிலையம் என்ற பெயரைப் பெற்றது. பின்னையது கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தின் காலத்துப் பிள்ளை. இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு: ஓடுபாதை குறுகியது. பொதுவான குறை இன்னொன்றும் உண்டு: கல்முனை முதல் பொத்துவில் வரை வாழும் தமிழ் பேசும் மக்களில், அங்கே விமானம் ஏறியவரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதற் குறையைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். இரண்டாவது குறையைப் பற்றிப் பேசுவார் இல்லை. முதலாவதை நீக்கினால் இரண்டாவது தானே நீங்கிவிடும் என்று எண்ணுவது பெரும் மயக்கமாகும்.

ஓடுபாதையின் கணக்கை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். விமானம் எழுவதற்கு வேகம் வேண்டும். வேகம் பெற நீளம் வேண்டும். சுமை கூடக் கூட வேண்டிய நீளமும் கூடும். நம் நாட்டைப் போன்ற வெப்ப நாட்டில் காற்றின் அடர்த்தி குறைவாதலால் இறக்கைக்குக் கிடைக்கும் தாங்குதலும் குறையும். எஞ்சினின் வலுவும் குறையும். வேண்டிய நீளம் இன்னும் கூடும். நூற்றைம்பது பேரைச் சுமக்கும் ஜெற் விமானங்கள் நிறைசுமையுடன் எழுவதற்குப் பொதுவாக 2,000 மீற்றருக்கு மேல் கேட்கும். எழுபது பேர் அமரும் ஏ.ரி.ஆர். 72 வகை விமானத்துக்குக் கடல்மட்டத்தில் சுமார் 1,300 மீற்றர் வேண்டும். எட்டு, பத்துப் பேர் செல்லும் செஸ்னா கரவான் போன்ற சிறு விமானமோ அதிற் பாதித் தூரத்தைச் சற்றுத் தாண்டியதும் எழுந்துவிடும். பாதை போதாதபோது சுமையைக் குறைப்பதே வழி. வலுக்குறைந்த பாலத்தில் நெல் மூட்டைகளை இறக்கிவிட்டு லொறியைக் கடத்தும் வித்தையை நம் விவசாயிகளுக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

எனவே, இந்தக் குறுகிய பாதையிலிருந்து ஹஜ் பயணிகளை நேரே ஜித்தாவுக்கு ஏற்றிச் செல்லலாம் என்றோ, வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகள் நேரே இங்கு வந்து இறங்கலாம் என்றோ எவரேனும் மேடையேறி முழங்கினால், அவர் மக்களை ஏமாற்றுகிறார் என்றே கொள்ள வேண்டும். ஆனால், பாதை குறுகியது ஆகையால் ஒன்றுமே செய்ய இயலாது என்று கையை விரிப்பவரும் அதே அளவுக்கு ஏமாற்றுகிறார். சிறு விமானத்துக்கு இந்தப் பாதை போதும். 2013 இல் தொழிலைத் தொடங்கிய சினமன் எயர் நிறுவனம் செஸ்னா விமானங்களை மட்டக்களப்புக்குப் பறக்கவிட்டு இதனை மெய்ப்பித்தது. அந்த விமானங்கள் யாரை நோக்கி வந்தன? பாசிக்குடாவுக்கு வரும் உல்லாசப் பயணிகளை நோக்கி. அதில் தவறில்லை, தனியார் நிறுவனம் இலாபம் உள்ள இடத்தைத்தான் நாடும். ஆனால் பொதுப் பணத்தால் செப்பனிடப்பட்ட பாதையில் தனிவாடகை விமானம் இறங்குவதைக் காட்டி, “உங்களுக்கு விமானச் சேவை வந்துவிட்டது” என்று மக்களுக்குச் சொல்வதுதான் தவறு.

நீண்ட பாதையே போதுமென்று நம்புவோர் மத்தளையைப் பார்க்கட்டும். 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்த விமான நிலையத்தின் ஓடுபாதை 3,500 மீற்றர் நீளமானது. சீனாவின் கடன் இருபது கோடி டொலரை நெருங்கியது. மிகப் பெரிய விமானமும் அங்கு இறங்கலாம். இறங்கத்தான் ஆள் இல்லை. 2018 இல் கடைசியாக எஞ்சியிருந்த ஒழுங்கான வெளிநாட்டுச் சேவையும் நின்றது. உலகிலேயே மிக வெறிச்சோடிய சர்வதேச விமான நிலையம் என்ற பெயர்தான் கடன்பட்ட நாட்டுக்குக் கிடைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வாசலிலேயே ஒலுவில் இருக்கின்றது. டென்மார்க்கின் கடனில் கட்டி, 2013 செப்ரெம்பரில் பெருவிழாவுடன் திறந்த துறைமுகம் அது. அதன் வாயிலை மணல் அடைத்தது. அதன் வடபுறத்தே கரையைக் கடல் தின்றது, தென்னந்தோப்புகள் சரிந்தன, தோணி இழுத்து வைக்கக் கரையின்றி மீனவர் தவித்தனர். எந்த மக்களுக்கு வாழ்வளிக்க வந்ததாகச் சொன்னார்களோ, அந்த மக்களின் நிலத்தையே அது எடுத்துக்கொண்டது. அந்தப் பாடத்தை ஒலுவிலும் நிந்தவூரும் தம் மண்ணைக் கொடுத்துக் கற்றுள்ளன. ஓடுபாதையை நீட்டுவதென்றால், எவர் காணி, எந்த வயல், எந்த வாவிக்கரை என்ற கேள்விகளை முன்கூட்டியே கேட்டு, மக்கள் முன் வைத்து விடை பெறாமல் ஒரு முழமேனும் நீட்ட அனுமதிக்கலாகாது. பலாலியில் விமானத் தளத்தைச் சூழ்ந்த நிலங்களை 1990 முதல் இழந்து நின்ற மக்களின் கண்ணீரையும் இவ்விடத்தே மறக்க முடியாது.

அதே பலாலி வேறொரு பாடத்தையும் சொல்கிறது. 2019 ஒக்ரோபரில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டபோது, 1,400 மீற்றர் பாதையை ஒழுங்கு செய்து, ஏ.ரி.ஆர். விமானத்தைக் கொண்டே சென்னைக்குப் போக்குவரத்துத் தொடங்கிற்று. நோய்ப்பரவலால் 2020 இல் நின்றது. 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. பாதைக்கேற்ற விமானத்தைத் தேர்ந்தார்கள்; நாள் குறித்துப் பறக்கவிட்டார்கள்; மக்கள் ஏறினார்கள். ஸ்கொட்லாந்தின் பாரா என்னும் சிறு தீவில் இதற்கும் எளிய ஏற்பாடு உண்டு. அங்கே ஓடுபாதையே கடற்கரை மணல்தான். வற்று நீரில் தோன்றி, வெள்ளத்தில் மூழ்கும். ஆயினும் ருவின் ஒட்டர் விமானம் அட்டவணைப்படி வந்து போகின்றது. அது வணிகமன்று, தீவு மக்களின் உயிர்நாடி என்று கருதி அரசு நட்டத்தைத் தாங்குகின்றது. இந்தியாவிலும் 2017 இல் பறக்கத் தொடங்கிய ‘உடான்’ திட்டத்தில், ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஒரு பகுதி இருக்கைகளின் கட்டணத்தை 2,500 இந்திய ரூபாவுக்குள் அடக்கி, நிறுவனத்தின் குறையை அரசு ஈடுசெய்தது. சேலத்துக்கு 2018 இல் விமானம் வந்தது அதனாலேதான். ஈட்டுக்கு ஆண்டெல்லை வைத்ததனால் பல வழிகளில் சேவை நின்றதும் உண்மை. சேலத்திலும் இடையில் நின்று, 2023 இல்தான் திரும்பியது. கைவிட்டால் விழும் பிள்ளையை நடக்கும்வரை பிடித்திருக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

“நெல்லுக்கு விலை இல்லை, பசளைக்குப் பணம் இல்லை, படித்தவர் பறப்பதற்கு என் வரிப்பணமா?” என்று சம்மாந்துறை விவசாயி கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். படித்தவரின் சொகுசுக்காக என்றால் ஒரு சதமும் கொடுக்கலாகாது. ஆனால் அந்த விவசாயியின் மனைவிக்குப் புற்றுநோய் என்றால், மகரகமைக்குப் போக முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதியில் இரவு முழுவதும் பேருந்தில் குந்தியிருக்க வேண்டும். புகையிரதமோ மட்டக்களப்போடு நின்றுவிடுகின்றது. விமானத்துக்கு அத்தூரம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே. நோயாளியை அனுப்பவும், கொழும்பிலுள்ள சிறப்பு வைத்தியரைக் காலையில் அழைத்து மாலையில் திருப்பியனுப்பவும் வாரம் சில நாட் சேவை போதும். அதில் முதற் பயன் பெறுபவர் விவசாயியே.

ஆபத்துக் காலத்தையும் எண்ணுக. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை அடித்தபோது இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. 2024 நவம்பர் 26 இல் மாவடிப்பள்ளியில் வீதியை மேவிய வெள்ளம், வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர்களை உழவு இயந்திரத்தோடு அடித்துச் சென்றது. அந்தப் பிள்ளைகளை எந்த விமானமும் காத்திராது. ஒரு நல்ல பாலம் காத்திருக்கும். ஆகவே வீதிக்கும் பாலத்துக்கும் புகையிரதப் பாதைக்கும் உரிய பணத்தில் விமானத்துக்காக ஒரு ரூபாவும் எடுக்கலாகாது என்பதை நாம் திட்டவட்டமாகக் கூறுகின்றோம். நாம் கேட்பது புதிய கட்டடமன்று. ஏற்கெனவே கட்டியதைப் பயன்படுத்துவதையே கேட்கின்றோம்.

நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று: மட்டக்களப்பிலிருந்தோ கல்லோயாவிலிருந்தோ இரத்மலானைக்குக் கிழமையில் குறித்த நாட்களில் சிறு விமானச் சேவை; ஏற்படும் நட்டத்தை அரசு பகிரங்கக் கணக்கில் ஏற்க வேண்டும். இரண்டு: வைத்தியசாலை அத்தாட்சி பெற்ற நோயாளிக்கும் துணையாளுக்கும் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கிய இருக்கைகள். மூன்று: இறங்கும் ஒவ்வொரு தனிவாடகை விமானமும் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கு இச்சேவைக்கே போக வேண்டும். நான்கு: ஓடுபாதையை நீட்டுவது பற்றிய எந்தத் தீர்மானமும், காணி உரிமையாளரும் விவசாய அமைப்புகளும் உள்ளூராட்சி மன்றங்களும் கேட்கப்பட்ட பின்னரே.

நான்காவது கோரிக்கைக்குக் காரணம் உண்டு. பதின்மூன்றாம் திருத்தத்தின்படி விமான நிலையங்களும் துறைமுகங்களும் மத்திய அரசுக்கே ஒதுக்கிய விடயங்கள். கிழக்கு மாகாண சபையோ 2017 செப்ரெம்பரில் பதவிக்காலம் முடிந்த பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றிக் கிடந்தது. கொழும்பில் வரைந்த கோடு கிழக்கில் வயலை அறுக்கும்போது தட்டிக்கேட்க ஓர் அவை இல்லாவிட்டால், ஒலுவில் மீண்டும் மீண்டும் நிகழும்.

“அகல உழுவதிலும் ஆழ உழு” என்பது நம் முன்னோர் வாக்கு. ஓடுபாதை ஆயிரம் மீற்றரா, மூவாயிரம் மீற்றரா என்பதன்று இன்று எழும் வினா. அந்தப் பாதையில் எழும் விமானத்தில் சம்மாந்துறைக்காரருக்கு இடம் உண்டா என்பதே வினா. அதற்கு விடை சொல்லாமல் ‘சர்வதேச’ என்ற சொல்லைப் பலகையில் எழுதி நாட்டுபவர்களிடம், நாள் எது, நேரம் எது, கட்டணம் எவ்வளவு என்று தமிழ் பேசும் மக்கள் ஒரே குரலில் கேட்பார்களாக!