உடம்பு பருப்பது தலையெழுத்தா?



நம் நாட்டில் மனிதனுக்கு எந்தக் கெடுதல் வந்தாலும் அதற்குக் காரணம் சொல்ல மூன்று பேர் எப்போதும் தயாராயிருக்கின்றார்கள். ஒருவர் தலையெழுத்து என்பார். மற்றொருவர் கிரகக் கோளாறு என்பார். மூன்றாமவர் ஊர்க்கண் பட்டுவிட்டது என்பார். பஞ்சத்திற்கும் பேதிக்கும் இவ்வளவு காலம் சொல்லி வந்த இந்தக் காரணங்களை இப்பொழுது தொந்திக்கும், மூட்டு வலிக்கும், சர்க்கரை வியாதிக்கும் சொல்லத் தொடங்கியிருக்கின்றார்கள். “எங்கள் வம்சமே இப்படித்தான்”, “பிள்ளை பெற்ற உடம்பு, இனி இளைக்காது”, “எனக்குத் தண்ணீர் குடித்தாலும் சதை போடும் ஜாதகம்” என்று படித்தவர்களும் கூசாமல் சொல்லுகின்றார்கள்.

இது உண்மைதானா என்று சற்றுக் கணக்குப் பார்ப்போம். 2015-16இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் அளவுக்கு மேல் பருத்தவர்கள் நூற்றுக்கு 30.9 பேர், ஆண்களில் 28.2 பேர். 2019-21இல் அதே ஆய்வை மறுபடி எடுத்தபோது பெண்கள் 40.4 ஆகவும், ஆண்கள் 37 ஆகவும் ஆகிவிட்டார்கள். இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் பெண்கள் நூற்றுக்கு 24 பேர்தான். தலையெழுத்துதான் காரணம் என்றால், நாலைந்து வருஷத்திற்குள் பிரம்மா தமது எழுத்தாணியை மாற்றிக்கொண்டாரா என்று கேட்கின்றோம். அப்படி மாற்றினாலும் தமிழ்நாட்டார் பேரில் அவருக்கு என்ன இத்தனை தனிப் பிரியம்? இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருக்கின்றதென்றும், இன்னும் பதின்மூன்று கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் நிற்கின்றார்கள் என்றும் 2023இல் வெளியான ஆராய்ச்சி சொல்லுகின்றது. இத்தனை கோடி ஜாதகத்திலும் ஒரே சமயத்தில் ஒரே கிரகம் கெட்டுப்போயிற்றா?

வம்சத்தில் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சிலருக்குத் தைராய்டுக் கோளாறினாலும், சில மருந்துகளினாலும் உடம்பு பருப்பதுண்டு. தாய் தகப்பனுக்கிருந்தால் பிள்ளைக்கு வரக்கூடிய சுபாவமும் உண்டு. ஆகையால் பருத்தவரைப் பார்த்துப் பரிகாசம் செய்கின்றவன் மடையனே ஒழிய வேறில்லை. ஆனால் வம்சம் கொடுப்பது விதைதான். அதற்கு வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றுவது நம் வீட்டு அடுப்பங்கரை. பாட்டனுக்கும் பேரனுக்கும் இரத்தம் ஒன்றுதான். பாட்டன் வயலுக்கு நடந்தான். பேரன் தெருமுனைக் கடைக்கும் மோட்டார் சைக்கிளில் போகின்றான்.

இனி, வைதீகர்கள் இதற்குச் சொல்லும் பரிகாரத்தைப் பாருங்கள். விரதம் இரு என்கின்றார்கள். விரதமிருக்கும் வீட்டில் நடப்பது நமக்குத் தெரியாததா? பகல் முழுதும் பட்டினி கிடப்பது. பொழுது சாய்ந்ததும் வடை, பாயசம், சுண்டல் என்று இரண்டு நாள் ஆகாரத்தை ஒரே மூச்சில் தள்ளுவது. “பலகாரம்” என்ற சொல்லின் கதையே இதற்குப் போதுமான சாட்சி. பல ஆகாரம் என்றால் பழ ஆகாரம் என்று அர்த்தம். விரத நாளில் சோற்றை விட்டுப் பழம் மட்டும் தின்பதற்கு வைத்த பெயர் அது. பழம் போய் இட்லி வந்தது. இட்லி போய் எண்ணெயில் பொரித்தது வந்தது. இன்று பலகாரம் என்று யாராவது சொன்னால் பழம் யாருக்காவது ஞாபகத்திற்கு வருமா? உணவைக் குறைத்தால் உடம்பு குறையும். அதற்குச் சஷ்டியும் ஏகாதசியும் வேண்டியதில்லை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்ளுகின்றவர்கள் வைத்தியரைக் கேட்காமல் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழவும் நேரும். அப்படி விழுந்தால் அதையும் சாமி குற்றம் என்றே சொல்லுவார்கள்.

வைதீகம் போனாலும் மூடத்தனம் போய்விடுவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வேறு வாசல் வழியாக வருகின்றது. வெள்ளைச் சர்க்கரை விஷம், கருப்பட்டி அமிர்தம் என்று ஒரு கூட்டம் சொல்லுகின்றது. கருப்பட்டியும், நாட்டுச் சர்க்கரையும், தேனும் வயிற்றுக்குள் போனால் சர்க்கரைதான். கேழ்வரகும் கம்பும் நல்ல தானியங்கள், நாமும் சாப்பிடுகின்றோம். ஆனால் தலையளவு களி உருண்டையை விழுங்கிவிட்டு “இது சிறுதானியம், ஒன்றும் செய்யாது” என்பவருக்கும், பிரசாதம் ஒன்றும் செய்யாது என்பவருக்கும் என்ன வித்தியாசம்? பதினைந்தே நாளில் பத்துக் கிலோ குறைக்கும் தூள் என்று விளம்பரம் செய்கின்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சர்க்கரை வியாதியையும் ஊளைச் சதையையும் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்யக்கூடாதென்று 1954ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்தாய்விட்டது. சட்டம் புஸ்தகத்தில் இருக்கின்றது. விளம்பரம் வீட்டுக்குள் இருக்கின்றது. 2025இல் இந்நாட்டில் விற்பனைக்கு வந்திருக்கும் எடை குறைக்கும் ஊசிகள் வேறு சங்கதி. அவை பரிசோதனை செய்து கண்ட மருந்துகள். வேண்டியவர்கள் வைத்தியர் சொற்படி போட்டுக்கொள்ளட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு அந்த விலை தாங்காது.

நிற்க, இவ்வளவும் அடுத்தவர்களைப் பற்றிச் சொன்னோம். இனி நம்மவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கின்றது. அதற்காகவே இதை எழுதலானோம்.

சமீபத்தில் ஓர் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு தோழர் வீட்டில் தங்கினோம். தோழர் பழைய சுயமரியாதைக்காரர். புரோகிதர் இல்லாமல் திருமணம் செய்துகொண்டவர். வீட்டில் சாமி படம் கிடையாது. இரண்டு வருஷத்திற்கு முன் வைத்தியர் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அவருக்கு வேறு சமையல். காலையில் ஐந்து மணிக்கு நண்பர்களோடு ஒரு மணி நேரம் நடக்கின்றார். திரும்பி வந்ததும் சர்க்கரையில்லாத காப்பி கையில் வந்து சேருகின்றது. ஒன்பது கிலோ குறைந்திருப்பதாக மார்தட்டிச் சொன்னார். நாமும் சந்தோஷப்பட்டோம்.

அவர் துணைவியாரோ ஒரே காலை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கின்றார். அவருக்கும் உடம்பு பருத்திருக்கின்றது, தோழரைவிட அதிகமாகவே. நான்கு மணிக்கு எழுந்து புருஷனுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று என்று மூன்று சமையல். எல்லோரும் தின்றான பிறகு மீந்ததெல்லாம் அவருக்கு. பிள்ளை வைத்துவிட்டுப் போன இரண்டு தோசை, சட்டியின் அடியில் கிடக்கும் சோறு, நேற்றைய குழம்பு எல்லாம் அவர் வயிற்றுக்குள் போகின்றன. ஏனம்மா என்று கேட்டதற்கு, “கொட்ட மனசு வரவில்லையே, ஐயா” என்றார். சர்க்கரை இருக்கின்றதா என்று சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டோம். “எனக்கென்ன, நான் நன்றாகத்தானே இருக்கின்றேன்” என்றார். தோழர் குறுக்கிட்டு, “அவளுக்கு வாய்க்கட்டு கிடையாது” என்றார்.

நாம் கேட்கின்றோம்: இது என்ன நியாயம்? சாமிக்குப் படைத்து மிச்சத்தைத் தின்பது மூடத்தனம் என்று மேடையேறிப் பேசுகின்ற நாம், வீட்டில் புருஷனுக்குப் படைத்து மிச்சத்தை மனைவி தின்பதை மாத்திரம் என்ன பெயரிட்டு அழைப்பது? சோற்றை வீணாக்கினால் பாவம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாவத்திற்குப் பயந்து தம் வயிற்றையே வீட்டின் குப்பைத் தொட்டியாக ஆக்கிக்கொண்டிருக்கின்றார். ஆண்பிள்ளைக்கு எடை குறைவது என்றால் வீடு முழுவதும் அதற்கு உழைக்கின்றது. பெண்ணுக்கு எடை கூடினால் அது அவள் வாயின் குற்றமாகிவிடுகின்றது. நூற்றுக்கு 37க்கும் 40க்கும் உள்ள வித்தியாசத்திற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றில் ஒன்று நம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கடைசிப் பந்தியில் சாப்பிடுகின்றது.

பெண்களுக்கு நாள் முழுவதும் வீட்டு வேலையிருக்கின்றதே, அது தேகப்பயிற்சி ஆகாதா என்று ஒரு சமாதானம் சொல்லுகின்றார்கள். உலக்கையும், ஆட்டுக்கல்லும், கிணற்றுக் கயிறும் இருந்த காலத்தில் அப்படிச் சொல்லியிருக்கலாம். அவை ஒழிந்தது நல்லதே. மறுபடி பெண்கள் உரல் இடிக்க வேண்டுமென்பவன் தான் முதலில் இடித்துக்காட்டட்டும். இப்போது மிச்சமிருப்பது அடுப்பின் முன் நிற்பதும், பாத்திரம் கழுவுவதும், பிள்ளையின் பின்னால் திரிவதும். இதில் களைப்பு உண்டு. மூச்சு வாங்கும்படியான தொடர்ந்த நடை இல்லை. வாரத்திற்கு 150 நிமிஷமாவது அப்படிப்பட்ட நடை வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகின்றது. அதாவது நாளைக்கு அரைமணி, வாரத்தில் ஐந்து நாள். இந்த அரைமணியை ஆண்கள் எடுத்துக்கொள்ளுகின்றார்கள். பெண்கள் அதற்கு அநுமதி கேட்கவேண்டியிருக்கின்றது. தெருவில் நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்று மாமியார் கேட்கின்றார். காப்பி யார் போடுவது என்று புருஷன் கேட்கின்றார்.

மற்றொரு சங்கதி. நம் பக்கத்தில் பெண்ணுக்குச் சதை போட்டால்தான் புகுந்த வீட்டில் சுகமாயிருக்கின்றாள் என்று அர்த்தம். இளைத்தால் மாமியார் கொடுமை என்று ஊர் பேசும். குழந்தை கொழுகொழுவென்றிருந்தால் திருஷ்டிப் பொட்டு. இல்லாவிட்டால் தாய்க்கு வசவு. இப்படிச் சதையையே குடும்பத்தின் நற்சாட்சிப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கின்றவரையில், “இன்னும் ஒரு கரண்டி” என்ற உபசாரம் எப்படி ஒழியும்?

இதற்குச் செய்யவேண்டியது பெரிய தவமல்ல, கணக்குத்தான். ஒரு ஆள் நாளைக்கு நாலு வேளை காப்பியோ தேநீரோ குடித்து, வேளைக்குப் பத்து கிராம் சர்க்கரை போட்டுக்கொண்டால், வருஷத்தில் பதினாலரைக் கிலோ சர்க்கரை அவர் வயிற்றில் இறங்குகின்றது. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் எண்ணெய் செலவானால் தலைக்கு ஒரு லிட்டர். எண்ணெய் கிராமுக்கு ஒன்பது கலோரி. ஆகவே ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 270 கலோரி எண்ணெயிலிருந்தே வருகின்றது. அரைமணி நடை செலவழிப்பது இதில் சுமார் பாதிதான். ஆகையால் நடந்தேன், இளைக்கவில்லை என்கின்றவர்கள் எண்ணெய் டின்னையும் சர்க்கரை டப்பாவையும் மாதக் கடைசியில் ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும். வட்டிலில் சோறு மலையாகவும் காய்கறி ஊறுகாய் போலவும் இருப்பதைத் திருப்பிப் போடவேண்டும். பாதி வட்டிலுக்குக் காய், கீரை. கால் பங்குக்குப் பருப்போ, பயறோ, முட்டையோ, மீனோ. மிஞ்சிய கால் பங்குக்குச் சோறு. இது நோயாளிக்கென்று தனியாக வடிக்கும் பத்தியச் சாப்பாடல்ல. வீட்டிலுள்ள அனைவரும் உண்ணத்தக்கது. ஒரே உலை, ஒரே குழம்பு என்று ஆகிவிட்டால் மூன்று சமையல் செய்யும் பெண்ணுக்கு அந்த நடைக்கான அரைமணியும் தானே கிடைத்துவிடும்.

இதனால் பலன் உண்டா என்று சந்தேகப்படுகின்றவர்களுக்குச் சொல்லுகின்றோம். சர்க்கரை வியாதி வரும் தருவாயில் இருந்தவர்களுக்கு ஆகாரத்தையும் நடையையும் ஒழுங்குபடுத்திப் பார்த்ததில், அமெரிக்காவில் வியாதி வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்ததாக 2002இல் வெளியிட்டார்கள். சென்னை வைத்தியர்கள் நம் ஜனங்கள் 531 பேரை வைத்துச் செய்த சோதனையில் நூற்றுக்கு 28.5 பங்கு குறைந்ததாக 2006இல் வெளியிட்டார்கள். சென்னைச் சோதனையில் எடை அவ்வளவாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. ஆகவே தராசில் முள் நகரவில்லையென்று பத்து நாளில் கைவிட்டுவிடுவதும் அறியாமையே. வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தால் தாராளம். எண்பது கிலோ உள்ளவர் ஐந்தாறு கிலோ குறைந்தாலே முழங்காலும் இரத்த அழுத்தமும் வித்தியாசத்தைக் காட்டும். தராசு இல்லாவிட்டால் ஒரு தையற்காரர் டேப்பு போதும்: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டால் வைத்தியரைப் பார்க்கவேண்டிய காலம் வந்துவிட்டதென்று அர்த்தம். சர்க்காரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனைக்குக் காசு கேட்பதில்லை.

மேற்சொன்ன தோழரிடம் இவற்றையெல்லாம் நேரிலேயே சொன்னோம். முகம் சற்றுச் சுருங்கியது. ஆனால் யோக்கியர், மறுத்துப் பேசவில்லை. சென்ற வாரம் கடிதம் எழுதியிருக்கின்றார். துணைவியாருக்கு இரத்தம் சோதித்ததில் அவரைவிட அதிகமாகவே சர்க்கரை இருப்பதாகத் தெரிந்ததாம். எத்தனை வருஷமாக இருந்ததென்று வைத்தியராலும் சொல்ல முடியவில்லையாம். இப்பொழுது காலையில் துணைவியார் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரோடு பள்ளிக்கூட மைதானத்தில் மெதுவாக நடக்கின்றார். முழங்காலுக்குத் தக்கபடி இருபது நிமிஷம். வீட்டில் ஒரே சமையல். மாமியார் இரண்டு நாள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமலிருந்து, மூன்றாம் நாள் சாப்பிட்டாராம். காலைக் காப்பியைத் தோழரே போடுகின்றாராம். அது எப்படி இருக்கின்றதென்று அவர் எழுதவில்லை.