மெடிக்கல் கிடைக்கலன்னா சோசியாலஜியா? ஒரு டாக்டரின் பதில்

1/ ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்துல எனக்கு அதிகமா வர்ற கேள்வி இது. "டாக்டர், பொண்ணுக்கு மெடிக்கல் கிடைக்கல. பக்கத்துல ஒரு சின்ன யூனிவர்சிட்டியில சோசியாலஜி கிடைக்குது. சேர்க்கலாமா? எதிர்காலம் வீணாயிடாதே?"

2/ பொண்ணுக்கு விருப்பம் இருந்தா சேருங்க. ஆறுதலுக்காகச் சொல்லல. மருத்துவத் துறைக்கே இந்தப் படிப்பு படிச்சவங்க தேவை. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

3/ காசநோயை எடுத்துக்குவோம். 1960-களின் தொடக்கத்துல அதிகாரிகள், டாக்டர்கள் பலருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. கிராமத்து ஜனங்களுக்கு விவரம் தெரியாது, இருமலோட வீட்டுலயே கிடப்பாங்க, எக்ஸ்ரே வண்டியை ஊர் ஊரா ஓட்டித்தான் நோயாளியைக் கண்டுபிடிக்கணும்னு நினைச்சாங்க.

4/ பெங்களூரு தேசிய காசநோய் நிறுவனத்துல இருந்த பேனர்ஜியும் ஆண்டர்சனும் வேற ஒரு வேலை செஞ்சாங்க. கர்நாடகாவின் தும்கூர் மாவட்டத்துல, கணக்கெடுப்புல காசநோய் இருக்குன்னு தெரிஞ்சவங்களை நேர்ல பார்த்துப் பேசினாங்க. உடம்புல என்ன தொந்தரவு தெரிஞ்சது, கவலைப்பட்டீங்களா, எங்க போனீங்கன்னு கேட்டாங்க.

5/ கிடைச்ச பதில் எல்லார் நினைப்பையும் புரட்டிப் போட்டுது. பெரும்பாலானவங்களுக்கு அறிகுறி தெரிஞ்சிருந்தது. பாதிக்கும் மேற்பட்டவங்க ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாங்க. அங்க பலருக்குக் கிடைச்சது ஒரு இருமல் மருந்து பாட்டில். சளியை யாரும் டெஸ்ட் பண்ணல.

6/ அதாவது ஜனங்க வந்துட்டாங்க. ஆஸ்பத்திரிதான் அவங்களைத் திருப்பி அனுப்பிச்சுது. இதை எந்த எக்ஸ்ரேவும் காட்டியிருக்காது, உட்கார்ந்து கேட்டதாலதான் தெரிஞ்சுது.

7/ 1962-ல உருவான தேசிய காசநோய்த் திட்டம் இந்தக் கண்டுபிடிப்பை அடிப்படையா எடுத்துக்கிச்சு. இருமலோட தானா வர்றவங்களுக்குச் சாதாரண ஆஸ்பத்திரியிலயே சளிப் பரிசோதனை, அங்கேயே சிகிச்சை. இன்னைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துல ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னு போனா சளி டெஸ்ட் எழுதுறாங்களே, அதோட வேர் இங்க இருக்கு.

8/ பேனர்ஜி டாக்டர்தான். கூடவே மானுடவியலும் படிச்சவர். பிற்பாடு டெல்லி ஜேஎன்யூவுல சமூக மருத்துவத்துக்கு ஒரு மையத்தை உருவாக்கினார். அது இருக்கிறது சமூக அறிவியல் புலத்துல.

9/ இன்னொண்ணு, 2014 எபோலா. மேற்கு ஆப்பிரிக்காவுல இறந்தவங்க உடலைக் கவச உடை போட்டவங்க வந்து தூக்கிட்டுப் போய்ப் புதைச்சாங்க. ஜனங்க உடலை ஒளிச்சு வெச்சாங்க, நோய் இன்னும் பரவுச்சு. மானுடவியலாளர்கள் ஊர்ப் பெரியவங்க, மதத் தலைவர்கள் கூட உட்கார்ந்து பேசினாங்க. குடும்பம் தூரத்துல நின்னு முகம் பார்க்கலாம், பிரார்த்தனை பண்ணலாம்னு முறை மாறிச்சு. அதுக்கப்புறம் ஒத்துழைப்பு கூடிச்சு.

10/ "அது சரி டாக்டர், ஆனா சின்ன யூனிவர்சிட்டியிலயா?" நியாயமான கேள்வி. நம்ம ஊர் உதாரணத்தோடவே பேசுவோம். திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம்.

11/ அதைத் தொடங்கின ரெண்டு பேர்ல ஒருத்தர் டாக்டர். சௌந்தரம் அம்மா. டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். சின்ன வயசுலயே கணவரை இழந்து, அப்புறம் டெல்லியில மருத்துவம் படிச்சவங்க. 1947-ல ஜி. ராமச்சந்திரனோட சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினாங்க. 1956-ல கிராமிய நிறுவனம், 1976-ல நிகர்நிலைப் பல்கலைக்கழகம்.

12/ நகரத்துல பெரிய கிளினிக் போட்டு உட்கார்ந்திருக்கலாம் அவங்க. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கதர், கிராமத்துப் படிப்பு எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சாங்க. ஒரு ஊரோட உடம்பும் அந்த ஊரோட வாழ்க்கையும் தனித்தனி இல்லன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

13/ அங்க சமூகவியலோ, பொருளாதாரமோ, ஊரக வளர்ச்சியோ படிக்கிற பிள்ளைக்குப் பாடம் கேம்பஸ் கேட்டுக்கு வெளியவே தொடங்குது. சின்னாளப்பட்டி நெசவாளர் வீடு, நிலக்கோட்டை பூ மார்க்கெட், திண்டுக்கல் தோல் பதனிடும் ஆலைகளும் கெட்டுப்போன தண்ணியும், எல்லாம் பஸ் தூரம். மாணவர்கள் கிராமத்துலயே தங்கிப் படிக்கிற முறையும் அங்க உண்டு. பெருநகரத்துல படிக்கிறவங்க இதுக்கு ரயில் ஏறணும்.

14/ குறைகளையும் சொல்லிடறேன். பல சின்னப் பல்கலைக்கழகங்கள்ல ஆசிரியர் இடம் காலியா கிடக்கு, நூலகம் சுமார், கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கம்பெனிகள் வரிசையில நிக்காது. சில இடங்கள்ல கைடு வாங்கி மனப்பாடம் பண்ணியே டிகிரி முடிச்சிடலாம். அப்படிப்பட்ட இடம் வேண்டாம்.

15/ அதனால சேர்க்கிறதுக்கு முன்னாடி துறைக்கே நேர்ல போய் நாலு கேள்வி கேளுங்க.
• களப்பணி எத்தனை நாள்? போட்டோ எடுத்துட்டு வர்றதா, தங்கிச் செய்யறதா?
• புள்ளியியல் சொல்லித் தர்றீங்களா, கம்ப்யூட்டர்லயா?
• நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்?
• போன வருஷ மாணவர் ஆய்வறிக்கை ஒண்ணு காட்டுங்க.
கடைசிக் கேள்விக்கு முகம் மலர்ந்தா நல்ல துறை.

16/ வேலை? மருத்துவக் கல்லூரிகள்ல மருத்துவ சமூகப் பணியாளர் பணியிடம் உண்டு, அதுக்கு எம்.எஸ்.டபிள்யூ. வழி. பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புல பல நிறுவனங்கள் மற்ற பட்டதாரிகளையும் எடுக்குது. சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துல சமூக ஆய்வுக்குன்னே ஒரு துறை இருக்கு. சமூகவியல், மானுடவியல் ரெண்டும் யுபிஎஸ்சி விருப்பப் பாடங்கள். உடனே பெரிய சம்பளம் கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். பி.ஏ.வோட நிறுத்தாம முதுகலை வரை போகணும், தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் தெளிவா எழுதப் பழகணும்.

17/ இதைப் பொதுவெளியில எழுதக் காரணம் இருக்கு. சேர ஆள் இல்லன்னு ஒரு துறையை மூடிட்டா, திரும்பத் திறக்கிறது ரொம்பக் கஷ்டம். அப்புறம் ஒரு ஊர் தடுப்பூசி போட்டுக்க மறுத்தா, ஏன்னு போய்க் கேக்க ஆள் இருக்காது. "விழிப்புணர்வு இல்லாத ஜனங்க"ன்னு ஒரு வரி எழுதி ஃபைலை மூடிடுவோம். தும்கூர்லயும் அந்த வரிதான் முதல்ல எழுதப்பட்டிருக்கும், யாரும் போய்க் கேக்காம இருந்திருந்தா.

18/ பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சொந்தக்காரங்க முன்னாடி "நீட்ல வரல, அதான் இதுல போட்டோம்"னு பிள்ளையை வெச்சுக்கிட்டுச் சொல்லாதீங்க. அந்த ஒரு வாக்கியம் மூணு வருஷப் படிப்பையும் கெடுத்துடும்.

19/ சமூக அறிவியல் படிச்சவங்க, படிக்கிறவங்க இதைப் பார்த்தா, உங்க துறை எது, களப்பணி எப்படி இருந்ததுன்னு கீழ எழுதுங்க. முடிவெடுக்க முடியாம இருக்கிற ஒரு குடும்பத்துக்கு என் இழையை விட அது அதிகமா உதவும்.