இருபதாயிரம் வளையமும் ஒரு சட்டையும்

கைவேலைப் பக்கம்



சென்ற இதழில் பழைய சைக்கிளைத் திருத்திப் பாவிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர் என்னைக் கடையில் கண்டபோது, "ஊருக்கெல்லாம் கைவேலை சொல்லுறீர், உம்முடைய வீட்டிலை என்ன வேலை நடக்குது?" என்று கேட்டார். இருந்ததைச் சொன்னேன். இரும்புச் சட்டை பின்னுகிறேன். அவர் சிரித்தார். நீங்களும் சிரிக்கலாம், ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

இந்த இங்கிலாந்தில் எங்கே போனாலும் இரும்பு உடுத்த குதிரைவீரனின் உருவம் ஒன்று கண்ணில் படும். கோட்டைகளில், தேவாலயங்களில், பிள்ளைகளின் சரித்திரப் புத்தகத்தில் எல்லாம் அவன் நிற்பான். 'நைற்' என்று சொல்வார்கள். அவர்கள் முதலில் அணிந்தது தகட்டுக் கவசம் அல்ல, சிறு சிறு இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய சட்டை. இதற்கு ஆங்கிலத்தில் 'மெயில்' என்று பெயர். தபாலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உரோமாபுரிப் படைகளும் இதை அணிந்தன. 14 ஆம் நூற்றாண்டில்தான் அதற்கு மேலே தகடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 15 ஆம் நூற்றாண்டில் உடல் முழுவதையும் மூடின.

பின்னும் முறை

இது கஷ்டமான வேலை அல்ல, பொறுமையான வேலை. 1.6 மில்லிமீற்றர் தடிப்பான இரும்புக் கம்பி, 8 மில்லிமீற்றர் இரும்புத்தடி, கம்பி வெட்டும் குறடு ஒன்று, பிடிக்கும் குறடு இரண்டு. இவ்வளவும் ஹாட்வெயர் கடையில் வாங்கலாம். கம்பியைத் தடியில் நெருக்கமாகச் சுற்றினால் ஸ்பிறிங் போல வரும். அதைத் தடியிலிருந்து கழற்றி, ஒரு பக்கமாக வெட்டிக்கொண்டு போனால் வளையங்கள் உதிரும். வெட்டும்போது துண்டுகள் தெறிக்கும், கட்டாயம் கண்ணாடி போடுங்கள்.

நான்கு வளையங்களை மூடி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வளையத்தைத் திறந்து, நான்கையும் அதில் கோத்து, மூடிவிடுங்கள். மேசையில் வைத்து இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாகப் பரப்பினால் முதல் அலகு தயார். எந்த வளையத்தை எடுத்தாலும் அதற்குள் நான்கு வளையம் போகவேண்டும் என்பதுதான் முழுச் சட்டைக்கும் விதி. வளையத்தைத் திறக்கும்போது இரு முனையையும் அகலமாக இழுக்காதீர்கள். ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்குமாகத் திருகினால் வட்டம் கெடாது.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். இந்த அளவில் ஒரு வளையம் ஏறக்குறைய அரைக் கிராம். ஒரு சட்டைக்கு இருபதாயிரம் வளையம் என்றால் பத்துக் கிலோவுக்குக் கிட்ட வரும். நூதனசாலைகளில் உள்ள பழைய சட்டைகளும் பல இந்த நிறைதான். நான் மணித்தியாலத்துக்கு நூறு வளையம் பின்னுவேன். ஆகவே இருநூறு மணித்தியாலம். தினமும் ஒரு மணித்தியாலம் இருந்தால் ஏழு மாதத்தில் முடியும்.

எங்களுடைய வளையத்துக்கும் அவர்களுடையதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எங்களுடையது முனையோடு முனை முட்டி நிற்பது. அவர்கள் இரு முனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, தட்டித் தட்டையாக்கி, துளை போட்டு, ஊசி முனை அளவு றிவெற் அடித்தார்கள். பல சட்டைகளில் ஒவ்வொரு வளையத்துக்கும் அப்படி. 1982 மே மாதம் யோர்க் நகரத்தில் கட்டட வேலைக்கு மண் தோண்டியபோது மெசினில் ஏதோ தட்டுப்பட்டது. மண்ணுக்குள் இருந்தது 8 ஆம் நூற்றாண்டுத் தலைக்கவசம். அதன் பின்பக்கத்தில், கழுத்தை மறைக்க வளையத் திரை ஒன்று தொங்கியது. அந்தத் திரையிலும் வளையங்களுக்கு றிவெற் அடித்திருக்கிறார்கள். ஆகவே எங்கள் சட்டை பார்வைக்கும் பள்ளிக்கூட நாடகத்துக்கும்தான். போட்டுக்கொண்டு யாரையும் அடித்துப் பார்க்கச் சொல்லாதீர்கள்.

இன்னும் சில எச்சரிக்கை. நாகம் பூசிய கம்பி துருப்பிடிக்காது, நல்லது. ஆனால் அதை நெருப்பில் காட்டவே கூடாது, அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வளையங்களை மூடியுள்ள போத்தலில் வையுங்கள். தகடு அடிக்கும் வேலை மாடி வீட்டுக்குச் சரிவராது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். வளையம் பின்னுவது சத்தமில்லாத வேலை. வாள், கத்தி பக்கம் போகவேண்டாம். அவற்றைக் காரணமின்றி வீதியில் கொண்டு திரிவது இந்த நாட்டில் குற்றம், எங்களைப் போன்றவர்களுக்கு அது தேவையில்லாத வில்லங்கம்.

எங்கே பார்ப்பது?

நான் ஓ.எல். வரை படித்தவன். தடித்த ஆங்கிலப் புத்தகம் எனக்கு இன்னும் மெதுவாகத்தான் போகும். ஆனால் இந்த விடயத்தில் கண்ணும் அடிமட்டமும் பாதி வேலையைச் செய்யும். லீட்ஸ் நகரத்தில் 1996 இல் திறந்த றோயல் ஆமறீஸ் நூதனசாலைக்கும், லண்டனில் உள்ள வலஸ் கலெக்சனுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுபோங்கள். ஒரு கவசத்தின் முன்னால் அரைமணித்தியாலம் நின்று, வார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தத் தகடு எதன்மேல் ஏறுகிறது என்று கீறுங்கள்.

தேவாலயங்களையும் விடாதீர்கள். சறேயில் ஸ்ரோக் டாபெர்னன் என்னும் ஊர்த் தேவாலயத்தில், தலை முதல் கால் வரை வளையச் சட்டை அணிந்த வீரன் ஒருவனைப் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். ஏறக்குறைய 700 ஆண்டு பழையது. வோரிக் நகரத்துத் தேவாலயத்தில், 1439 இல் இறந்த பிரபு றிச்சட் போஷம்பின் உருவம் முழுத் தகட்டுக் கவசத்துடன் கிடக்கிறது. அதைச் செய்தவர்கள், ஒருவரும் பார்க்கமுடியாத முதுகுப் பக்கத்து வார்களையும் கொளுக்கிகளையும்கூடப் பிசகாமல் செய்திருக்கிறார்கள்.

பையோ என்னும் பிரெஞ்சு ஊரிலிருந்து வந்த நீளமான தையற் சித்திரம் ஒன்று உண்டு. 1066 இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த கதை அதில் இருக்கிறது. அதில் படை கப்பலேறும் இடத்தில், ஒரு வளையச் சட்டையைத் தடியில் கோத்து இரண்டு பேர் காவிக்கொண்டு போகிறார்கள். அதை அவ்வளவு பேணித் தூக்கியது ஏன் என்பது, இருநூறு மணித்தியாலக் கணக்குத் தெரிந்தவனுக்கு உடனே விளங்கும். அதைப் பார்த்து இங்கிலாந்துப் பெண்கள் 1885, 1886 ஆம் ஆண்டுகளில் தைத்த பிரதி றெடிங் நகர நூதனசாலையில் இருக்கிறது.

என் மகனின் வகுப்பில் 1066 பற்றிப் படிப்பித்தபோது, வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து என் மேசையில்தான் வைத்தான். இந்த நாட்டுப் பாடத்தில் தகப்பனிடம் கேட்க ஒன்றும் இல்லை என்று பிள்ளை நினைக்கத் தொடங்குவது, புதிதாக வந்த எங்கள் வீடுகளில் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பாடத்தில் எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை.

பழைய பொய் ஒன்று

கவசம் போட்டவன் குதிரையில் ஏறமுடியாது, பாரந்தூக்கியால்தான் ஏற்றுவார்கள் என்று ஒரு கதை உண்டு. 1944 இல் வந்த 'ஐந்தாம் ஹென்றி' படத்தில் அப்படிக் காட்டினார்கள். அது பொய். 15 ஆம் நூற்றாண்டு முழுக் கவசம் இருபது, இருபத்தைந்து கிலோ. அந்தப் பாரம் உடல் முழுக்கப் பரந்து நிற்பதால் பழகியவன் தானே ஏறுவான், விழுந்தாலும் தானே எழும்புவான். ஆனால் களைப்பு இல்லை என்று சொல்லவும் முடியாது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர் கவசம் அணிந்தவர்களை ஓடுபட்டியில் நடக்கவிட்டுச் சோதித்து 2011 இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண நடையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகியது. காலில் கட்டிய பாரந்தான் அதிகம் வருத்தியது. மூட்டை தூக்கியவர்களுக்கு இது புதினம் அல்ல. வளையச் சட்டை போட்டுப் பார்ப்பவர்கள் இடுப்பில் ஒரு பெல்ற்றை இறுக்கிக் கட்டுங்கள், தோளில் இருக்கும் பாரத்தில் ஒரு பங்கை இடுப்பு வாங்கிக்கொள்ளும்.

எங்களுக்கு ஏன் இது?

கட்டாயம் எழுதவேண்டிய ஒன்று இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் இருக்கும் வயதான அம்மா ஒருவர் என் மேசையைப் பார்த்துவிட்டு, "சண்டைக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள், சண்டைச் சாமானை ஏன் தம்பி செய்வான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு நான் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

வெட்டுவதற்குச் செய்த பொருளும் வெட்டுப்படாமல் இருக்கச் செய்த பொருளும் ஒன்றல்ல. கோயிலில் நாங்கள் முருகனிடம் கேட்பதும் கவசந்தான், வாள் அல்ல. கர்ணன் கவசத்தோடு பிறந்தான். மற்றவர்களுக்கு யாரோ ஒருவன் இருந்து செய்துகொடுக்க வேண்டியிருந்தது. செய்துகொடுக்க ஆள் இல்லாதவன் என்ன ஆனான் என்பதும் சரித்திரத்தில் இருக்கிறது. சுவீடனுக்குச் சேர்ந்த கொட்லாண்ட் தீவில் விஸ்பி என்று ஒரு நகரம். 1361 ஜூலையில் டென்மார்க் அரசனின் படை வந்தபோது, அந்தத் தீவின் விவசாயிகள் நகர மதிலுக்கு வெளியே நின்று சண்டைபிடித்தார்கள். நகரத்தின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. 20 ஆம் நூற்றாண்டில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது 1,100 க்கு மேற்பட்ட உடல்கள் இருந்தன. அவர்களில் சிறுவர்களும் முதியவர்களும் பலர். சிலர் பழைய கவசத்தோடேயே புதைபட்டுக் கிடந்தார்கள். எலும்பில் உள்ள வெட்டுகளில் பெரும் பங்கு காலில். சட்டை மறைக்காத இடம் அது.

இதை நான் விளக்கத் தேவையில்லை. போர் என்றால் கொடியும் குதிரையும் என்று பிள்ளைகள் நினைக்கும் வயதில், அது ஒரு உடம்புக்கு என்ன செய்கிறது என்பதை அமைதியாகச் சொல்ல எனக்கு இந்த வளையங்கள் உதவுகின்றன. எங்கள் சொந்தக் கதையை அவர்களுக்குச் சொல்ல இன்னும் காலம் இருக்கிறது.

அந்த அம்மாவுக்குச் சொன்ன இன்னொன்றும் உண்டு. எட்டாம் ஹென்றி அரசனுக்குத் தன் நாட்டு வேலை போதவில்லை. நல்ல கவசம் அக்காலத்தில் இத்தாலியின் மிலானிலும் யேர்மன் நகரங்களிலுந்தான் செய்தார்கள். ஆகவே வெளிநாட்டுத் தொழிலாளரை வரவழைத்தான். 1515 அளவில் வந்த யேர்மன்காரர் லண்டனுக்குப் பக்கத்தில் கிறீன்விச்சில் வேலை செய்தார்கள். அரசனின் அனுமதி இல்லாமல் பிரபுக்கள்கூட அங்கே கவசம் வாங்கமுடியாது. அந்தப் பட்டறையின் கவச மாதிரிகளைக் கீறிய யாக்கோப் ஹால்டரும் யேர்மன்காரர்தான். அவருடைய சித்திரத் தொகுப்பு லண்டன் விக்ரோறியா அன்ட் அல்பேட் நூதனசாலையில் இருக்கிறது. வில்லியம் பிக்கறிங் என்ற ஆங்கிலேயர் தலைமை வேலைக்காரராக வந்தது 1608 இல். 'ஆங்கிலக் கவசம்' என்று இன்றைக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் பெருமையோடு வைத்திருப்பவற்றில் மிகச் சிறந்தவை, பாஷை சரிவரத் தெரியாமல் வந்திறங்கியவர்களின் கைவேலை.

பகல் முழுவதும் பக்ரறியில் தகட்டை மெசினுக்குக் கொடுத்து எடுப்பதுதான் என் வேலை. அந்தத் தகடுகள் எங்கே போகின்றன, யார் பாவிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என் பெயர் அவற்றில் இல்லை. அந்தக் காலத்தில் நூரன்பேர்க் நகரத்துக் கவசத்தில் பாதிக் கழுகும், அவுக்ஸ்பேர்க் கவசத்தில் பைன் மரக்காயும் முத்திரையாகக் குத்தினார்கள். பார்த்தாயிற்று, வேலை சரி என்பதற்கு அடையாளம். சில வளையச் சட்டைகளில், ஆயிரக்கணக்கான இரும்பு வளையத்துக்கு நடுவே ஒரேயொரு பித்தளை வளையம் இருக்கும். செய்தவனின் அல்லது ஊரின் அடையாளம் அதில் இருக்கும். என் சட்டையிலும் கழுத்தடியில் ஒரு பித்தளை வளையம் போட்டிருக்கிறேன்.

விருப்பமுள்ளவர்கள் சட்டையில் தொடங்கவேண்டாம். உள்ளங்கை அளவு ஒரு துண்டு பின்னிப் பாருங்கள். இருநூறு வளையம் போதும், இரண்டு பின்னேரத்து வேலை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் குறடு பிடிக்கலாம், வெட்டுவதை மட்டும் நீங்கள் செய்யுங்கள். பின்னி முடித்தவர்கள் துண்டை அடுத்த ஒன்றுகூடலுக்குக் கொண்டுவாருங்கள், எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துப் பார்ப்போம்.

அடுத்த இதழில் பழைய தையல் மெசினைக் கழற்றி எண்ணெய் போடும் முறையை எழுதுகிறேன். அதுவரை வணக்கம்.