காற்று எவர் உடைமை?

காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்திய பெருமையைக் கரிகாலன் முன்னோர்மேல் வைத்து வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் பாடினார். அவ்வளியே இன்று பாலைக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து மின்னாகின்றது. 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கிய முயற்சி, தமிழகத்தில் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. ஆடிக்காற்றில் விளையும் மின் கம்பிவழி வந்து, கொரட்டூரில் எம் வீட்டு விளக்கையும் எரிக்கின்றது.

நன்று! ஆயின், காற்று வீசும் ஊருக்குக் கிடைத்தது யாது? நிலத்தை விற்ற உழவன் அந்நிலத்திலேயே காவலாளாக நின்றால் அதனை ஆக்கம் என்பமோ?

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி வேறு வழி கண்டது. 2006-இல் தன் சேமிப்பு 40 இலக்கம், வைப்பகக் கடன் 1 கோடியே 15 இலக்கம் ஆக 1 கோடியே 55 இலக்க உருபாவில், காற்று மிக்க உடுமலைப் பகுதியில் 350 கிலோவாட்டுக் காற்றாலையொன்றைத் தன் உடைமையாகவே நிறுவிற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறே முக்கால் இலக்கம் அலகு மின் விளைந்தது. தெருவிளக்கு, குடிநீர் முதலிய ஊர்த்தேவைக்கு நாலரை இலக்கம் போக, எஞ்சியது மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. அவ்வருவாய் கடனடைக்க உதவிற்று. ஓர் ஊராட்சி, அதுவும் சிற்றூராட்சி!

'காற்றாலை' என்னும் தமிழ்ப்பெயர் நிலைத்தமைக்கு மகிழும் நாம், ஆலை எவர் பெயரில் உள்ளது என வினவினோமில்லை. இக்குற்றம் எமக்கும் உண்டு. இனி நிலங்கேட்டு வருவாரிடம், ஊராட்சிக்குப் பங்கு எவ்வளவு, ஆலையைக் கழற்றுங்கால் நிலத்தைச் செப்பனிடுவார் யார் என ஊரவை கூடிக் கேட்டு, எழுத்தில் பெறுக. அவ்வெழுத்தும் உழவர் படித்தறியும் தமிழில் இருத்தல் வேண்டும்.