தீர்ப்பு நாள் நம் கையில் இல்லை

அப்புத்தளை உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன நவம்பர் முதல் வாரம். இடைவேளை மணி அடித்தும் தரம் 9 மாணவன் ஒருவன் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தான். "என்ன மகன், சாப்பிடப் போகலையா?" என்று கேட்டேன். "சேர், எங்க அம்மாயி நரகத்துலயா இருக்கும்?" என்றான்.

அவனுடைய அம்மாயி காலமெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். கத்தோலிக்கர். அதற்கு முந்தைய வருடம்தான் மௌத்தானார். நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாள். கல்லறையில் மெழுகுதிரி கொளுத்த மாமா கூப்பிட்டிருக்கிறார். பையனின் அம்மா இரண்டு வருடமாக வேறொரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர். "செத்தவங்களுக்காக ஜெபிச்சுப் பலனில்ல, அம்மா இரட்சிக்கப்படாமலே போயிட்டாங்க" என்று அழுதிருக்கிறார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருக்கும் அக்காவும் தம்பியும் இப்போது பேசுவதில்லை.

நான் கணித ஆசிரியர். "அது எனக்குத் தெரியாது மகன். அம்மாயி உனக்கு என்னவெல்லாம் செஞ்சாங்க, அதைச் சொல்லு" என்றேன். மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான்.

பிறகு இதை நம்மவர் ஒருவரிடம் சொன்னேன். "அவங்களுக்குள்ளயே இன்னும் தீரல்லையே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை எழுத வைத்தது.

இந்தச் சண்டை அந்த லயத்தில் தொடங்கியதல்ல. மரணத்துக்குப் பின் ஆன்மா சுத்திகரிக்கப்படும் நிலை ஒன்று உண்டு, உயிரோடு இருப்பவர்களின் மன்றாட்டு அங்கே உதவும் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. 16ஆம் நூற்றாண்டில் பிரிந்த புரட்டஸ்தாந்துகள் அதை மறுத்தார்கள். அவர்களுக்குள் அடுத்த கேள்வி வந்தது: இரட்சிப்பைத் தீர்மானிப்பது கடவுளா, மனிதனா? ஒல்லாந்தில் 1618–19இல் கூடிய டோர்ட் சங்கம், கடவுளே முன்கூட்டித் தெரிந்தெடுக்கிறார் என்றது. இலங்கையைப் பிடித்த ஒல்லாந்தர் கொண்டுவந்தது அந்தச் சபையைத்தான். 1814இல் காலியில் வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரிமார் மறுபக்கம்: அருள் எல்லோருக்கும் உண்டு, ஏற்பதும் தள்ளுவதும் மனிதன் கையில்.

அந்த மெதடிஸ்த இயக்கத்தை ஆரம்பித்த ஜோன் வெஸ்லியும் அவருடைய நண்பர் ஜோர்ஜ் வைட்ஃபீல்டும் 1739 முதல் இதே கேள்வியில் மோதிக்கொண்டார்கள். அச்சிட்டே மறுத்துக்கொண்டார்கள். யாரும் கருத்தை விடவில்லை. ஆனாலும் 1770இல் வைட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

நம் நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். கத்தோலிக்க குருவான திஸ்ஸ பாலசூரிய அடிகளார், மரியாளையும் மனித விடுதலையையும் பற்றி 1990இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். சென்மப் பாவம் பற்றிய வழமையான போதனையைக் கேள்வி கேட்டார். பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் பக்கத்து வீட்டில் வாழும் நாட்டில், ஞானஸ்நானம் பெறாத எல்லோரும் கடவுளை விட்டு விலகியே பிறக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வியின் உள்ளே இருந்தது. அடிப்படை விசுவாசத்தையே மறுக்கிறார் என்று கருதிய வத்திக்கான், 1997 ஜனவரியில் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கியது. ஒரு வருடத்தில் இணக்கம் ஏற்பட்டு அந்தத் தண்டனை நீங்கியது. 2013இல் அவர் இறந்தது குருவாகவே.

இன்னொன்று. எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்த கத்தோலிக்கத் திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையும் பெயர் சொல்லி அறிவித்ததில்லை. நரகம் இல்லை என்று அது சொல்லவில்லை. அந்தப் பட்டியலைத் தன் கையில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சிரித்த நண்பருக்கு. எல்லாம் விதிதான் என்ற ஜபரிய்யாவும், மனிதன் சுயமாகவே செய்கிறான் என்ற கத்ரிய்யாவும் நம் வரலாற்றில் மோதவில்லையா? இறந்தவருக்குக் கத்தம் ஓதலாமா, கூடாதா என்று நம் ஊர்களில் அண்ணன் தம்பி சலாம் சொல்லாமல் போன வீடுகள் இல்லையா? அந்த அக்கா தம்பிக்கு நடந்தது நமக்கும் நடந்ததுதான்.

2019 ஏப்ரல் 21ஐயும் சொல்லாமல் இருக்க முடியாது. கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களில் பெருநாள் உடுப்போடு இருந்த பிள்ளைகளைக் கொன்றவர்கள், யார் சொர்க்கவாசி, யார் நரகவாசி என்பது தங்களுக்குத் தெரியும் என்று நம்பியவர்கள். நம் பெயர் வைத்திருந்தவர்கள். தொழுகையின் ஒவ்வொரு ரக்அத்திலும், தீர்ப்பு நாள் அல்லாஹ்வுக்கே சொந்தம் என்று ஓதுகிறோம். ஓதிவிட்டு, தீர்ப்பை நாமே எழுதினால் என்ன அர்த்தம்?

கொள்கையை விட்டுக்கொடுங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. அந்தத் தாய் கல் நெஞ்சுக்காரியும் அல்ல. தன் தாயை நினைத்துப் பயந்து அழுகிறவர். போதகர்மாரே, குருமாரே, மௌலவிமாரே, சொர்க்கத்துக்கு வழி எது என்று தாராளமாகப் போதியுங்கள், விவாதியுங்கள். இறந்துபோன ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அம்மா வந்தார். மார்க்கம் எதுவும் பேசவில்லை. "பிள்ளை அம்மாயிய நெனச்சு ராவுல தூங்குறதில்லையாம். கொஞ்சம் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தார்.