மணி கேட்ட சிறுமி

ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘எம்’ (1931) என்னும் ஜெர்மன் திரைப்படத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் தொடக்கத்தையே பேசுவர். வீடு திரும்பாத சிறுமி எல்சி, தந்திக் கம்பியில் சிக்கிய பலூன், துணி வெளுத்துப் பிழைக்கும் தாய் மேசைமீது எடுத்து வைத்த வெறும் தட்டு. கொலை திரையில் காட்டப்படுவதே இல்லை. அக்காட்சியின் பெருமையை நான் மறுக்கவில்லை. எனினும், சில நிமிடங்கள் கழித்து வரும் மிகச் சிறிய தெருக்காட்சி ஒன்றே என்னை இன்றும் அலைக்கழிக்கிறது.

மூக்குக் கண்ணாடி அணிந்த, உருவத்தில் சிறிய முதியவர் ஒருவரிடம் தெருவில் ஒரு சிறுமி மணி கேட்கிறாள். அவர் சொல்கிறார், வீடு எங்கே என்றும் வினவுகிறார். அவ்வளவே. அங்கு வந்த நெடிதுயர்ந்த மனிதன் ஒருவன், அவள் வீடு எங்கிருந்தால் உமக்கென்ன என்று குறுக்கிடுகிறான்.

இனி கேமராவைக் கவனியுங்கள். முதியவரைக் காட்டும்போது அது உயரத்திலிருந்து கீழ்நோக்குகிறது. அது அந்த நெட்டை மனிதனின் பார்வை. அவனைக் காட்டும்போது கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறது. அது முதியவரின் பார்வை. இவ்விரு கோணங்களும் மாறி மாறி வருவதற்குள் விசாரணையும் தீர்ப்பும் முடிந்துவிடுகின்றன. பின்னணி இசை கிடையாது. மேலிருந்து பார்க்கப்படுபவர் எதைச் சொன்னாலும் அது குற்றவாளியின் சமாளிப்பாகவே ஒலிக்கிறது. மொழிபெயர்ப்பிலேயே காலம் கழித்த எனக்குச் சொல்லின்மேல் நம்பிக்கை சற்று அதிகம். இக்காட்சியில் சொல் தோற்பதைக் காண வருத்தமாகவே இருக்கிறது.

கூட்டம் கூடுகிறது. அது திடீரென முளைத்ததன்று. சற்று முன்பே, கொலையாளியைப் பிடிக்க உதவுவோர்க்குப் பத்தாயிரம் மார்க் பரிசு என்ற சுவரொட்டியின்முன் மக்கள் நெருக்கியடித்து நின்றனர். பின்னால் நிற்பவர்க்கு எழுத்து தெரியவில்லை. உரக்கப் படிக்கச் சொல்கின்றனர். அங்கு எழும் வாசிப்பு அறுபடாமல், அடுத்த காட்சியில் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நண்பர்களுள் ஒருவரின் குரலாகத் தொடர்கிறது. வாய் மாறுகிறது, வாசகம் மாறவில்லை. படித்து முடித்ததும் அந்த நண்பர்கள் ஒருவரையொருவர் கொலைகாரன் எனக் குற்றஞ்சாட்டிக்கொள்கின்றனர். ஒலி வந்து சில ஆண்டுகளே ஆன காலத்தில், லாங் தம் முதல் பேசும் படத்திலேயே இதைச் செய்திருக்கிறார்.

2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரெயின்பாடா கிராமத்தில் வாரச்சந்தை நாள். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி முன்பே பரவியிருந்தது. யாசகம் கேட்டு வந்த நாத்பந்தி டவரி கோசாவி என்னும் நாடோடிச் சமூகத்தார் ஐவரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அவர்களுள் ஒருவர் ஒரு சிறுமியிடம் பேச முயன்றதே தொடக்கம் என்று ஏடுகள் எழுதின.

இங்கேதான் லாங்கிடமிருந்து நான் விலகுகிறேன். அவர் படத்தில் யாரும் யார்மீதும் பாயலாம், சந்தேகம் குருட்டுத்தனமானது. நம் நாட்டில் அதற்குக் கண் உண்டு. அது நிலமற்றவரை, ஊரற்றவரை, பிற மொழி பேசும் புலம்பெயர் தொழிலாளியைத் தேடிப் பிடிக்கிறது. கேமரா எந்த உயரத்தில் நிற்கும் என்பதைச் சாதியும் வர்க்கமும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் அப்போது செய்த ஏற்பாடு, இந்த உயரத்தைத் தொடவேயில்லை.

அதே மாதம் 17ஆம் நாள், கும்பல் கொலைக்கெனத் தனிச் சட்டம் இயற்றப் பரிசீலிக்குமாறு உச்சநீதிமன்றம் நாடாளுமன்றத்திற்குச் சொன்னது. தனிச் சட்டம் வரவில்லை. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு இரண்டாம் உட்பிரிவு, இனம், சாதி, பிறப்பிடம், மொழி முதலிய காரணங்களால் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து செய்யும் கொலையைப் பேசுகிறது. பிள்ளை பிடிப்பவன் என்ற வதந்தி அப்பட்டியலில் இல்லை. ‘அதுபோன்ற பிற காரணம்’ என்னும் பொதுச்சொல்லுக்குள் அதை வாதாடித்தான் நுழைக்க வேண்டும். கொல்லப்பட்ட நாடோடியின் குடும்பத்திற்காக அதை வாதாடப்போவது யார்?